பிலோமினா அக்காவும் கரட்டுக்கு மேல் போன சிவப்பு ஒளியும்

பிலோமினா அக்காவைப் பற்றிய இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப்போகிறேன். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவதே மரியாதை என்று எங்கள் பள்ளித் தமிழம்மா சொல்வார். அக்கா அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். "நல்லா எழுதாதே, நடந்ததை எழுது" என்று என் பக்கங்களை எத்தனையோ முறை திருப்பிக் கொடுத்தவர் அவர். அவரை அறிந்த உங்களுக்கு இதில் சில இடங்கள் வருத்தம் தரலாம். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் அப்பாவுக்கு மிளகாய் மண்டி. சனிக்கிழமை காலையில் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது தங்கவேல் சார் சைக்கிளில் வந்தார். அவர் கல்லூரியில் பௌதிகச் சோதனைச்சாலையில் வேலை பார்ப்பவர். எங்கள் குழுவில் ஒருவர். சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, "அக்கா போயிட்டாங்கம்மா" என்றார். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் நான், "எங்கே?" என்று கேட்டேன். மிளகாய் நெடியில் மண்டியில் எல்லோருக்கும் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அப்பா தராசைக் கீழே வைத்துவிட்டு, "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வானத்தில் தெரியும் ஒளிகளைப் பற்றி விசாரிக்கும் ஒரு குழு சேலத்தில் தோன்றியதற்கு அவரே காரணம். ஒரு மாலை பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஏரிக்கு மேலே ஓர் ஒளி அசைவதை அவர் பார்த்தாராம். பக்கத்தில் நின்றவர்கள் "பறக்கும் தட்டு" என்றும், "ருசியாக்காரன் விட்டது" என்றும், "முனி" என்றும் கத்தினார்கள். அக்கா அவர்களிடம், வயிற்றுவலி என்று வந்த நோயாளியிடம் கேட்பதைப் போலக் கேட்க ஆரம்பித்தார். எப்போது ஆரம்பித்தது? விட்டு விட்டு வந்ததா, நின்றே இருந்ததா? இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா? அந்தக் கூட்டத்தில் தங்கவேல் சாரும் இருந்தார். அந்த ஒளி என்னவென்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் குழு அங்கேதான் பிறந்தது.

என்னை அவர் நூலகத்தில் கண்டுபிடித்தார். செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையை நான் படித்துக்கொண்டிருந்தேன். "கையெழுத்து எப்படி இருக்கும்?" என்று கேட்டார். சுமாராக இருக்கும் என்றேன். "பொய் சொல்றே. ஜம்பமா உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தாலே தெரியுது, நல்லா இருக்கும்" என்றார். அன்றுமுதல் சாட்சிகள் சொல்வதை எழுதுவது என் வேலையானது. அப்பா முதலில், "சனியை விசாரிக்கிற சங்கமா, சைத்தானை விசாரிக்கிற சங்கமா?" என்று கேலி செய்தார். பிறகு, நர்ஸம்மா கூடப் போவதென்றால் சரி என்று விட்டுவிட்டார்.

எங்கள் முறை இதுதான். சாட்சிகளைத் தனித்தனியே கேட்போம். ஒளி எவ்வளவு உயரத்தில் தெரிந்தது என்று கையை நீட்டி முஷ்டியால் அளந்து காட்டச் சொல்வோம். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லமாட்டோம். கடைசியாக ஒத்திகை. அந்த ஒளி இன்னதாக இருக்கலாம் என்று தோன்றினால், அதே இடத்தில், அதே பொழுதில், அதே போன்ற காற்றுள்ள நாளில் அதை நாங்களே உண்டாக்கிக் காட்டி, "இதுதானா?" என்று கேட்போம். ஒத்திகையைப் பற்றிச் சாட்சிகளைத் தவிர வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்பது விதி. சொன்னால் ஊரே சாட்சியாகிவிடும், பிறகு யார் எதைப் பார்த்தார்கள் என்றே தெரியாமல் போய்விடும் என்பார் அக்கா. அந்த விதியைப் பற்றி எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது.

மேச்சேரிப் பக்கம் ஓர் ஆட்டுப் பட்டிக்கு மேலே இரண்டு கண்கள் போல ஒளி வந்து போவதாகச் சொன்னார்கள். தொலைவில் மேடேறித் திரும்பும் லாரியின் முகப்பு விளக்குகள்தாம் அவை என்று ஒத்திகையில் தெரிந்தது. பட்டிக்காரப் பெரியவருக்கு ஏமாற்றம். "ஏனுங்க, லாரிதானுங்களா? எங்காட்டுக்கு வானத்துலயும் பேரு பரவிப் போச்சாட்ட இருக்குதுன்னு இருந்தனுங்க" என்றார். அக்கா சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அதுவும் ஒன்று. அவர் எளிதில் சிரிப்பவர் அல்லர். கோபம் சீக்கிரம் வரும். சாட்சி முடிப்பதற்குள் நான் எழுதிவிட்டால், "அவங்க வாயை நீ முடிக்காதே" என்று எல்லோர் முன்னாலும் திட்டுவார்.

இனி நாமக்கல்லில் நடந்ததை எழுத வேண்டும்.

பழனிச்சாமி என்ற விவசாயி அரிவாள் வெட்டுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நாமக்கல்லுக்குத் தெற்கே தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பம் அவருடையது. இறந்துபோன அண்ணனின் மனைவி நல்லம்மாவும், அவருடைய ஒரே மகன் முருகேசனும் அங்கேயே இருந்தார்கள். பழனிச்சாமி வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு மாலையில், சிவப்பாக உருண்டையாக ஓர் ஒளி சத்தமில்லாமல் தோட்டத்துக்கு மேலே போயிருக்கிறது. அந்தப் பொழுதிலிருந்து முருகேசனைக் காணவில்லை. ஒன்றாம் வகுப்புப் பையன். கிணறுகளில் பாதாளக் கரண்டி போட்டுத் தேடியாயிற்று. போலீஸுக்கும் சொல்லியாயிற்று.

"அந்த வெளிச்சந்தான் பையனத் தூக்கிட்டுப் போச்சு, திரும்பக் கொண்டாந்து உடும்னு நங்கையா உக்காந்திருக்குதுங்க" என்றார் பழனிச்சாமி. அண்ணியை அவர்கள் நங்கையா என்பார்கள். "சோறு தண்ணி இல்லீங்க. செத்துட்டான்னு நாங்க அழுவறதா, வருவான்னு காத்துக் கெடக்கறதா? அது என்னன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு எங்களை அழைத்துக்கொண்டு போனார். பார்த்தவர்கள் பழனிச்சாமியும் இரண்டு பண்ணையாட்களும் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரும். எல்லோரும் தனித்தனியே ஒன்றையே சொன்னார்கள். மேற்கிலிருந்து வந்தது, சிவப்பு, அடியில் மஞ்சளாக நடுங்கியது, கிழக்கே கரடு என்று அவர்கள் சொல்லும் சிறு குன்றுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. நல்லம்மா அன்று அடுப்படியில் இருந்ததால் ஒளியைப் பார்க்கவில்லை. எனவே அவர் சாட்சி அல்லர். அக்கா அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா, "அது எங்க ஆளுங்க விட்டது" என்றார். மேற்கே இரண்டு மைலில் ஒரு சிறிய மாதா கோயில் இருக்கிறது. முருகேசன் காணாமற்போன அன்று அங்கே திருவிழா. தேர் கிளம்புமுன் வண்ணக் காகிதத்தில் பெரிய பலூன் ஒட்டி, அடியில் எண்ணெய்த் துணியைக் கொளுத்திப் பறக்க விடுவது அவர்கள் வழக்கம். அக்கா சிறுமியாக இருந்தபோது, தன் பங்குக் கோயிலிலும் அப்படிப் பலூன் ஒட்டுவதற்குப் பசை காய்ச்சிக் கொடுத்தவராம்.

அதே அளவில் ஒரு பலூன் செய்தோம். மேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாளுக்காகக் காத்திருந்தோம். அந்த நாள் வந்தபோது தங்கவேல் சார் கோயில் மைதானத்திலிருந்து அதை விட்டார். அக்காவும் நானும் தோட்டத்தில் சாட்சிகளோடு நின்றிருந்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பலூன் சிவப்பாக, சத்தமில்லாமல், அவர்கள் சொன்னபடியே வந்தது. "இதேதானுங்க" என்றார் பழனிச்சாமி. நான் அதை எழுதினேன்.

அப்போது எங்களுக்குப் பின்னால், "சாமி! வந்துட்டயா சாமி!" என்று ஒரு குரல் கேட்டது.

மகனை அழைத்தபடி நல்லம்மா ஓடிக்கொண்டிருந்தார். முகம் முழுவதும் வானத்தைப் பார்த்திருந்தது. வரப்பு, வாய்க்கால் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. விழுந்தார், எழுந்தார், பலூன் போன திசையிலேயே ஓடினார். "எறங்கு சாமி! அம்மா இங்கிருக்கறேன், எறங்கு!" பழனிச்சாமியும் அக்காவும் பின்னால் ஓடினார்கள். நானும் ஓடினேன். கரட்டைத் தாண்டியதும் பலூன் தாழ்ந்து ஒரு முட்புதரில் சிக்கி எரிய ஆரம்பித்தது. நல்லம்மா இரண்டு கைகளையும் அந்த நெருப்புக்குள் விட்டுக் காகிதத்தைக் கிழித்தார். உள்ளே மகனைத் தேடினார்.

"நங்கையா, உடுங்க! உடுங்க!" என்று பழனிச்சாமி அவரைப் பிடித்து இழுத்தபோது, நல்லம்மாவின் காலடியிலிருந்து ஒரு கல் பெயர்ந்தது. அது விழுந்த சத்தம் உடனே கேட்கவில்லை. வெகு ஆழத்திலிருந்து கேட்டது. அந்தப் புதர் ஒரு பாழுங்கிணற்றின் வாயில் வளர்ந்திருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லை. கரட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை, பையனும் அங்கே போனதே இல்லை என்பதால் அதை ஒருவரும் தேடவில்லை.

அக்கா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து நல்லம்மாவின் கைகளைச் சுற்றினார். நல்லம்மா அவர் முகத்தையே பார்த்தார்.

"என்ன அம்மணி அது?"

"காகிதங்க. நாங்க விட்டது."

"அன்னைக்கு வந்தது?"

"அதுவும் காகிதந்தாங்க. எங்க கோயில்ல விட்டது. அதுக்குள்ளே யாரையும் தூக்கிட்டுப் போக முடியாது."

"அப்ப எம்பையன் எங்கீங்க அம்மணி?"

நாங்கள் விசாரிக்காத கேள்வி அது. ஒளி எங்கிருந்து வந்தது, எவ்வளவு உயரம், என்ன நிறம் என்று எல்லாம் கேட்டிருந்தோம். அந்த ஒளியைப் பார்த்த ஒரு சிறு பையன் என்ன செய்திருப்பான் என்று யாரையும் கேட்கவில்லை. அவன் தாய் இப்போது எங்கள் கண்முன் ஓடிக் காட்டிவிட்டார். அக்கா கிணற்றுப் பக்கம் திரும்பினார். பிறகு நல்லம்மாவிடம், "இங்கே பார்க்கணுங்க" என்றார்.

மறுநாள் காலையில் கயிறு கட்டி ஆளை இறக்கினார்கள். சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். அதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பழனிச்சாமி எங்களைக் குறை சொல்லவில்லை. அக்காதான் தன்னைக் குறை சொன்னார். "சாட்சிக்கு மட்டும் சொன்னோம். பெத்தவளுக்குச் சொல்லலை. இதை விதின்னு வேற சொல்லிக்கிட்டோம்" என்றார். அதற்குப் பிறகு குழு ஒத்திகை நடத்தவில்லை. புண் ஆறும்வரை விடுமுறை கிடைத்த நாளெல்லாம் பஸ் ஏறிப் போய் நல்லம்மாவின் கைகளுக்கு மருந்து போட்டார். வலது கையின் விரல்கள் முழுதாக நிமிரவே இல்லை.

அந்தக் கோயில் பங்கு மக்களின் கூட்டத்துக்கும் போய், இனிப் பலூன் விடவேண்டாம் என்று கேட்டார். தலைமுறை வழக்கத்தை விடமுடியாது என்றார்கள். "வானத்து மேல இருந்த சந்தேகம் தீந்து, நர்ஸம்மாவுக்கு இப்ப மாதா மேல வந்துருச்சு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சண்டை போட்டார், தோற்றார். அடுத்த திருவிழாவுக்கு முன்பு எங்களைக் கூட்டிக்கொண்டு, பலூன் போகக்கூடிய பக்கமெல்லாம் நடந்து, திறந்து கிடந்த கிணறுகளைச் சுற்றி இலந்தை முள் வெட்டி அடைத்தார். பழனிச்சாமி அரிவாளோடு முன்னால் போனார். "பலூனை நிறுத்த முடியலை. கிணத்தையாவது அடைப்போம்" என்றார் அக்கா. பறக்கும் தட்டைத் தேடப் புறப்பட்ட எங்கள் குழு கடைசியில் செய்த வேலை அதுதான். ஒவ்வோர் ஆண்டும் அதைச் செய்தோம்.

கடைசி நாட்களில் பள்ளி விட்டதும் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் அருகில் உட்கார்ந்திருப்பேன். தான் வேலை பார்த்த வார்டிலேயே படுத்திருந்தார். கண்கள் மஞ்சளாக இருந்தன. சுயநினைவு இருந்தபோதெல்லாம் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை சத்தமாகவே அழுதார்.

ஏழாம் நாள் பூசை மாலையில் நடந்தது. நல்லம்மாவும் பழனிச்சாமியும் நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார்கள். பூசை முடிந்தபின் பலரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். தூங்குவது போலப் போய்விட்டார், ஒரு கஷ்டமும் படவில்லை என்று அக்காவோடு வேலை பார்த்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்லம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோயில் காலியான பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ கூட இருந்தயாமா சாமி. ரொம்ப வலிச்சுதா அவுங்களுக்கு?"

தங்கவேல் சார் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

"ஆமாங்க" என்றேன். "ரொம்ப வலிச்சுது. அழுதாங்க. நான் கையைப் பிடிச்சிருந்தேன்."

நல்லம்மா அப்போதுதான் அழுதார். நிமிராத விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன பேருல நீ ஒருத்திதான் சொன்ன" என்றார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது, கிணற்றருகே அவர் நல்லம்மாவுக்குச் சொன்ன அந்த ஒரு பதிலைத்தான். யாருக்கு அது தெரிந்தாக வேண்டுமோ, அவரிடம் முதலில் போய், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது. அன்று அதை நான் சரியாகச் செய்தேனா என்று கேட்க இனி அவர் இல்லை.

நாங்கள் எழுந்து வாசலுக்கு வந்தோம். கோயில்பிள்ளை பின்னாலிருந்து ஒவ்வொன்றாக விளக்குகளை அணைத்தார்.