நந்தியிடம் சொன்னது

என் மனைவி நந்தியிடம் மட்டும் சொன்ன ஒன்றை, நான் ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் மைக்கில் சொன்னேன். பாதியைத்தான் சொன்னேன். மீதியை விட்டது மறதியால் அல்ல. அதையும் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

இந்த வருடம் மாசி மாதத்தில் நாங்கள் இருவரும் பெரம்பலூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போனோம். வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இத்தனை வருடத்தில் மாணவர்களைத்தான் அங்கே கூட்டிப் போயிருக்கிறேனே தவிர, அவளைக் கூட்டிப் போனதில்லை. அரியலூரில் ஒரு பஸ், ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. முதலில் மாளிகைமேடு. அரண்மனையில் எஞ்சியிருக்கும் செங்கல் அடித்தளத்தைக் காட்டி, இங்கே ஒரு தலைநகரமே இருந்தது என்று வகுப்பு எடுக்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கடைசியில், "இவ்ளோ பெரிய ஊருல இப்ப ஒக்கார ஒரு நெழலு இல்ல பாருங்க" என்றாள்.

கோயிலுக்கு வந்தோம். எங்கள் பக்கத்தில் நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்வது வழக்கம். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். மற்றவர் காதில் விழுந்தால் பலிக்காது என்பார்கள். அந்தக் கோயில் நந்தி மிகப் பெரியது. திறந்த வெளியில் தரையோடு படுத்திருந்தாலும் காது எட்டாது. என் மனைவி குள்ளம் வேறு. அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றாள். நான் நந்திக்கு மறுபுறம் போய் நிழலில் நின்றேன்.

அவளுக்குச் சில வருடங்களாகக் காது மந்தம். மெதுவாகப் பேசுவதாக நினைத்து அவள் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்கும் கேட்டது.

"நந்தியப்பா, அவர முன்னாடி கூட்டிக்க. அப்பறமா என்னைக் கூட்டிக்க. நான் முந்திப் போயிட்டா அந்த மனுசனுக்கு ஒரு காபி வைக்கத் தெரியாது. மருமவ கையப் பாத்துக்கிட்டு நிக்க வேணாம். நான் பொட்டு இல்லாம இருந்துட்டுப் போறேன், பரவால்ல."

எங்கள் வீடுகளில் பெண்கள் பூவும் பொட்டுமாக, கணவனுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்றுதான் வேண்டுவார்கள். இவள் அதை எனக்காக விட்டுக்கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கியது. அது உண்மைதான். ஆனால் கலங்கிய கண்ணை வைத்துக்கொண்டு பெருமைப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அதற்குப் பிறகுதான் அதைச் செய்தேன்.

பங்குனியில், திருச்சியிலிருந்து ஒரு நாடகக் குழு பெரம்பலூருக்கு வந்தது. கல்யாண மண்டபத்தில் நகைச்சுவை நாடகம். குரும்பலூரிலிருந்து என் தங்கையும் வந்து எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் மனைவியிடம் படும் பாடுதான் கதை. தொலைக்காட்சியில் பார்த்தால் நான் அதற்குச் சிரித்திருக்க மாட்டேன். மண்டபத்தில் சிரிப்பு வேறு மாதிரி. எங்கோ ஒருவர் தொடங்குகிறார், அது வரிசை வரிசையாக நம்மிடம் வந்து சேர்கிறது. பக்கத்தில் என் மனைவியும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

நடுவில் செட் மாற்றுவதற்காகத் திரையை இழுத்தார்கள். கூட்டம் கலையாமல் இருக்க, கணவனாக நடித்தவர் மைக்கோடு முன்னால் வந்தார். "எங்க கதைய பாத்தீங்க. உங்க வூட்டுக் கதைய யாராச்சும் சொல்லுங்களேன்."

என் கை தானாக உயர்ந்தது. வகுப்பில் என் பேச்சுக்குப் பிள்ளைகள் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"வாங்க சார். எத்தனை வருசமா உள்ள இருக்கீங்க?"

"நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு."

"இன்னைக்குப் பரோலா?"

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னைப் பிடித்துத் தள்ளியது. "எல்லாப் பொம்பளையும் புருசனுக்கு முன்னாடி தான் போவணும்னு வேண்டிக்குவா. எங்க வூட்டம்மா கங்கைகொண்ட சோழபுரத்து நந்திகிட்ட, அவர முன்னாடி கூட்டிக்கன்னு வேண்டுது. காது எட்டலன்னு சத்தமா வேற!"

நடிகர் இரண்டடி பின்வாங்கி, நெஞ்சில் கை வைத்தார். "அதுக்கப்பறமும் அவங்களோட ஒரே பஸ்லயா திரும்பி வந்தீங்க? உங்க தைரியம் எனக்கு வராது சார்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் வந்து உட்கார்ந்தபோது என் மனைவி மூடிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை பின்னாலிருந்து குனிந்து, "என்ன அண்ணி, எங்கண்ணனுக்கு நாள் குறிச்சிட்டீங்களா?" என்றாள். வரிசையே சிரித்தது.

"நாடகம் ஆரம்பிக்கப் போவுது, பாருங்க" என்றாள் என் மனைவி.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள். "அன்னைக்கு அந்தப் பக்கம் நின்னீங்களா?"

"ஆமா."

"எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கடைசி வரைக்குமா?"

நான் தலையசைத்தேன். அவள் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த மாதமே தங்கையின் மருமகளுக்கு வளைகாப்பு. எங்கள் குடும்பத்தில் மூத்த சுமங்கலி என் மனைவிதான். முதல் சந்தனமும் முதல் வளையலும் அவள் கையால்தான் என்பது பல வருட வழக்கம். வாசலில் ஆண்களோடு நாற்காலியில் உட்கார்ந்து நான் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனக் கிண்ணத்தை எடுத்த தங்கை, தன் புகுந்த வீட்டு உறவான ஓர் அம்மாளிடம், "சித்தி, நீங்க வாங்க, மொதல்ல நீங்க போடுங்க" என்றாள். என் மனைவி அதற்குள் பாயிலிருந்து பாதி எழுந்திருந்தாள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்யத்தான் எழுந்தவள் போல அதை இழுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

நான் உள்ளே போனேன். "அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன்" என்றேன்.

"அடடே, மீதிக் கதை வருது, எல்லாரும் கேளுங்க!" என்றாள் தங்கை.

"அவ போயிட்டா எனக்குக் காபி வைக்கக்கூடத் தெரியாதுன்னுதான்..."

"ஒரு காபிக்காவா அண்ணி ஆளையே அனுப்பப் பாத்தீங்க?"

மண்டபத்தில் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் பாக்கியிருந்தது. அதைச் சொன்னால் அத்தனை வாயும் மூடியிருக்கும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி பெண் மணையில் உட்கார்ந்திருக்கிற வீட்டில் பொட்டு இல்லாத வாழ்வைப் பற்றி எப்படிப் பேசுவது? சொல்லக்கூடிய இடத்தில் சொல்லாமல் விட்டேன். இங்கே சொல்ல வழியில்லை. திரும்பி வாசலுக்கு வந்தேன். யாரோ என் முதுகில் தட்டி, "சார் இருந்தா பொழுது போறதே தெரியாது" என்றார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி, பாதி வழியில் பேசினாள். கோபமாக அல்ல. சமையலுக்கு என்ன என்று யோசிக்கிற குரல் அது.

"ஊரே கேட்டுருச்சு. இனிமே அது பலிக்காது. நான்தான் முந்துவேன் போல."

"அப்படியெல்லாம் சொல்லாத."

"நாளையிலேருந்து காபி நீங்க போடுங்க. அப்பறம் சோறு, ரசம். ஒண்ணொண்ணா கத்துக்கங்க."

இப்போது காலையில் அவள் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். எழுந்து வந்து உதவுவதில்லை. பால் பொங்கினால் "பாலு" என்கிறாள், அவ்வளவுதான். காபி எனக்கு வந்துவிட்டது. சோறு குழையாமல் வடிக்கவும் வந்துவிட்டது. போன வாரம் ரசம் நன்றாகவே வந்தது. நுரை கட்டியபோது சரியாக இறக்கினேன். ருசி பார்த்தேன். அவள் வைப்பது போலவே இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அவள் பூப்பறிக்கக் கொல்லைக்குப் போயிருந்த நேரம், கைப்பிடி உப்பை அள்ளி அதில் போட்டேன்.

சாப்பிடும்போது ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் டம்ளரில் தண்ணீரை ஊற்றிக் குடித்தாள்.

"நாளைக்கும் நீங்களே வைங்க" என்றாள்.