வசந்தகுமாரி திருத்திச் சொன்ன சாட்சி

சாட்சி சொல்ல எழுந்தால் வசந்தகுமாரி லேசில் உட்கார மாட்டாள் என்று சபையில் ஒரு பெயர் இருந்தது. கெட்ட பெயர் இல்லை. ஹேவ்லாக் தீவுக்குப் போன படகு பேயாட்டம் ஆடியும் வாந்தி எடுக்காமல் வந்து சேர்ந்ததற்கு ஒரு சாட்சி. பள்ளிக்கூடத்தில் அவள் சமைக்கும் மதிய உணவில் இத்தனை வருஷமாக ஒரு பல்லிகூட விழாததற்கு ஒரு சாட்சி. கர்த்தர் செய்த நன்மையை வாயைத் திறந்து சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு செரிக்காது.

போர்ட் பிளேயரில் மேட்டின்மேல் இருக்கிற அந்தச் சின்னத் தமிழ்ச் சபைக்குப் பாஸ்டர் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் வருவார். நடுவில் வரும் ஞாயிறு ஹேவ்லாக்கில் இருக்கும் நாலைந்து குடும்பங்களுக்கு. பாஸ்டர் இல்லாத அன்று பாட்டு உண்டு, ஜெபம் உண்டு, சாட்சி மட்டும் கிடையாது. பேசுகிறவர்களை உட்காரச் சொல்ல ஆள் இல்லை என்பதால் சபையார் செய்துகொண்ட ஏற்பாடு அது. யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று வசந்தகுமாரிக்கும் தெரியும், அவள் கண்டுகொள்வதில்லை.

அன்று பாஸ்டர் வந்திருந்தார். வசந்தகுமாரி எழுந்தாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்க வீட்டுக்காரர் கால் பிழைச்சிட்டு. நேத்து சென்னையில கப்பல் ஏறிட்டாரு. செவ்வாக்கிழமை வந்து சேருவாரு. அடுத்த தடவை பாஸ்டர் வரும்போது இந்தப் பதினேழு படியும் ஏறி வந்து அவரே சாட்சி சொல்லுவாரு."

சபை கைதட்டியது. அந்தப் பதினேழு படியையும் இருபது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் கூட்டிப் பெருக்குகிறவள் அவள்தான். அதில் அவர் ஏறி வருவதை நினைத்துக்கொண்டே வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் பாலகுமார் மின்சாரத் துறையில் லைன்மேன். முப்பது வருஷமாகக் கம்பம் ஏறுகிறவர். ஒரு மாதத்துக்கு முன்பு ஹேவ்லாக்கில் மழைக்கு மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது. கரண்டை நிறுத்தியாயிற்று, ஏறலாம் என்று 'லைன் கிளியர்' வந்தது. அவர் ஏறினார். ஏதோ ஒரு விடுதியில் கரண்ட் போய்விட்டதே என்று ஜெனரேட்டரைப் போட்டார்கள். அதை ஊர் லைனிலிருந்து பிரிக்க வேண்டிய சுவிட்சைச் சரியாக வைத்திருக்கவில்லை. கரண்ட் விடுதியிலிருந்து கம்பிக்குத் திரும்பி வந்து, அவர் கையில் ஏறி இடது காலில் இறங்கியது. கம்பிக்கு இரண்டு பக்கமும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் மாட்டிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும் என்பது சட்டம். மழையிலும் அவசரத்திலும் அவர் ஒரு பக்கம்தான் மாட்டியிருந்தார். அதை அவரே ஒத்துக்கொள்வார்.

ஹெலிகாப்டரில் போர்ட் பிளேயருக்கும் அங்கிருந்து விமானத்தில் சென்னைக்கும் கொண்டுபோனார்கள். வசந்தகுமாரியால் கூடப் போக முடியவில்லை. மகள் திவ்யாவுக்கு அந்த வாரம்தான் பிரசவம். சென்னையில் இருக்கும் கொழுந்தன் முத்துமணிதான் அண்ணனைப் பார்த்துக்கொண்டான். தினமும் போன் வரும். வீடியோவில் கூப்பிட்டால் முகம் மட்டும் தெரியும், அதுவும் பாதியில் நின்றுபோகும். மேன்லேண்டுக்கும் தீவுக்கும் நடுவே நெட் படுத்துகிற பாடு தெரிந்ததுதானே என்று அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கடைசியாகப் பேசியபோது கால் பிழைத்துவிட்டது என்று பாலகுமார் அவர் வாயாலேயே சொன்னார். விமானத்தில் வாருங்கள் என்றதற்கு, கப்பலில்தான் வருவேன் என்று அடம்பிடித்தார். மனுஷன் கஞ்சத்தனம் சாகும்வரை போகாது என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஹேடோ துறைமுகத்துக்குப் பக்கத்து வீட்டு ரவிசங்கர்தான் தன் வண்டியில் அவளைக் கூட்டிப்போனார். குட்வில் எஸ்டேட்டில் பத்து வருஷமாக அண்டை வீட்டுக்காரர். பழனிக்காரர், காண்டிராக்டர், ஒவ்வொரு கிருத்திகைக்கும் விரதம் இருப்பவர். கப்பலிலிருந்து சனம் இறங்கியது, மூட்டை இறங்கியது, கோழிக்குஞ்சுப் பெட்டி இறங்கியது. கடைசியில் இரண்டு பேர் ஒரு சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதில் பாலகுமார் இருந்தார். வேட்டி இடது முட்டிக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.

"அரே, க்யா ஹுவா அண்ணா?" என்று தீவுப் பழக்கத்தில் இந்தியிலேயே என்ன ஆச்சென்று கேட்டுக்கொண்டு ரவிசங்கர் ஓடினார்.

வசந்தகுமாரி ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். பாலகுமார் அவளைப் பார்க்காமல் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, பிள்ளை பெற்ற மகள் அழுது ஓய்ந்து உள்ளே போன பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"என்னைக்கு எடுத்தாவ?"

"பத்து நாளாச்சு. அழுகிப்போச்சுட்டி. எடுக்கலன்னா உசிருக்கு ஆபத்துன்னாவ."

"அப்ப போன்ல சொன்னது?"

"பொய்தான். திவ்யா பிள்ள பெத்துக் கிடக்கா. நீ ஒத்தையில கிடந்து அழுவியேன்னு நெனச்சேன். முத்துமணிகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன். நேர்ல வந்து சொல்லிக்கிடலாம்னுதான் கப்பல்ல வந்தேன். அந்த மூணு நாளும் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டே வந்தேன். ஒண்ணும் தோணல."

"நான் சபையில எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லிட்டேன்."

பாலகுமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் வந்து சேரதுக்கு முன்னயேவா?"

"அடுத்த ஞாயிறு பாஸ்டர் ஹேவ்லாக் போயிருவாருலா? ரெண்டு வாரம் எவ பொத்தி வச்சுக்கிட்டு இருப்பா?"

உலகத்தையே ஏமாற்றத் திட்டம் போட்டவர் பாஸ்டரின் ஹேவ்லாக் ஞாயிற்றைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "உனக்குத் தப்பா லைன் கிளியர் குடுத்துட்டேன்ட்டி" என்றார். அதற்குமேல் அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கோபம் மட்டும் போகாமல் கிடந்தது.

அந்தக் கோபத்தில் பாதி கர்த்தர்மேல். அடுப்படியில் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டே அவரிடம் சண்டை பிடித்தாள். "நான் எந்திரிச்சு நின்னப்பவே உமக்குத் தெரியும்லா? ஒரு இருமலை வரவச்சு என்னை உக்காத்தி வச்சிருக்கக் கூடாதா? இத்தனை வருஷம் உம்ம பேரைச் சொல்லிட்டு நிக்கேன், எனக்கு இதுகூடச் செய்ய மாட்டீரா? ஊருக்கு விளக்கெரிய ஏறின மனுஷனுக்கு இதுதானா?" மூன்று நாள் அவளால் ஜெபம் பண்ண முடியவில்லை. சண்டை மட்டும்தான் போட்டாள். கர்த்தரோடு அவள் அத்தனை நேரம் பேசியது அந்த மூன்று நாளில்தான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அபர்டீன் பஜாரில் மீன் வாங்கும்போது சொர்ணம்மா கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள். சபையில் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி அவள். நல்ல மனுஷிதான், யாருக்கு என்ன ஆனாலும் முதல் ஆளாகக் கஞ்சியோடு வந்து நிற்பாள்.

"ஏ பிள்ள, ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு. நீ இனிமே அதைப்பத்தி எந்திரிச்சு ஒண்ணும் சொல்லாத. அப்படியே விட்டுரு."

"சொன்னது பொய்யாப் போச்சேக்கா."

"நீயா சொன்ன பொய்யா? யாரும் உன்னைக் கேக்க மாட்டாவ. நீ போயி இல்ல, கால் போயிட்டுன்னு நின்னேன்னா, புதுசா வந்த ஜனங்க விசுவாசம் ஆடிப்போயிரும். நாலு பேரு என்ன நெனைப்பாவ? கர்த்தர் பேரு என்னாகும்?"

வசந்தகுமாரி மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சொர்ணம்மா சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் அவளை அரித்தது. வாயை மூடிக்கொண்டால் பொய் அங்கேயே நிற்கும். எழுந்து திருத்தினால், சொன்ன நன்றியையும் சேர்த்துத் திருப்பி வாங்கியதாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. நன்றியைத் திருப்பி வாங்கிவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வீடு, வேலை, தீவு எல்லாமே அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

சனிக்கிழமை காலை பேத்தியைக் குளிப்பாட்ட உட்கார்ந்தாள். இரண்டு காலையும் நீட்டி, குழந்தையை முழங்கால்மேல் குப்புறப் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஊற்றத் திவ்யாவைக் கூப்பிட்டாள். திவ்யா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாலகுமார் நாற்காலியிலிருந்து மெல்லத் தரையில் இறங்கி, கையை ஊன்றி நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொம்பை எடுத்தார். முதலில் தன் புறங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தார். அப்புறம் குழந்தையின் முதுகில் நூல்மாதிரி ஊற்றினார். கரண்ட் ஏறிய கை. உள்ளங்கையில் கறுத்த தழும்பு. அந்தக் கைக்கும் காலுக்கும் நடுவில்தானே அவருடைய இருதயம் இருந்தது, கரண்ட் அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறதே என்று அவள் அப்போதுதான் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் ஸ்தோத்திரம் என்று வாயில் வந்துவிட்டது. யாரும் வரவழைக்கவில்லை, அவளும் தேடிப் போகவில்லை. குழந்தைக்குச் சோப்பு தேய்த்துக்கொண்டே அழுதாள்.

"என்னட்டி?" என்றார் பாலகுமார்.

"ஒண்ணுமில்ல. கண்ணுல சோப்பு. நீங்க ஊத்துங்க."

பாஸ்டர் ஹேவ்லாக் போன ஞாயிறு கழிந்து, அவர் வரும் ஞாயிறு வந்தது. பாலகுமார் வர மறுத்துவிட்டார். நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு நான் என்ன சப்பரமா என்று கேட்டார். அவள் வற்புறுத்தவில்லை. தனியாகப் படியேறிப் போய், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

சாட்சி நேரம் வந்ததும் எழுந்தாள். சொர்ணம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். வசந்தகுமாரி முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"போன தடவை நான் சொன்னது பொய். தெரியாமச் சொன்ன பொய். எங்க வீட்டுக்காரர் கால் பிழைக்கல, எடுத்துட்டாவ. கர்த்தர் சந்நிதியில பொய் நிக்கக் கூடாதுன்னுதான் எந்திரிச்சேன். அந்தச் சேதியைத் திருப்பி வாங்கிக்கிடுதேன்."

அவள் பெஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆனா நன்றி சொன்னேம்லா, அதைத் திருப்பி வாங்க மாட்டேன். குடுத்தது குடுத்ததுதான். ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. கர்த்தரைப் பாக்கும்போது சொல்லுவாருன்னு காத்திட்டிருக்கேன். இந்த உலகத்துல ஒருத்தன் சுவிட்சைச் சரியா வைக்கலன்னா இன்னொருத்தன் கால் போகுது. அது அவர் செய்ற உலகம் இல்ல. அவர் செய்றது இனிமே வரும், அதுல எங்க வீட்டுக்காரர் ரெண்டு காலோட நிப்பாரு. அதுவரைக்கும் ஆள் வீட்டுல இருக்காரு. பேத்திக்குத் தண்ணி ஊத்துதாரு. எனக்கு அது போதும். ஸ்தோத்திரம்."

உட்காரப் போனாள். அப்போதுதான் வெளியே ஒரு சத்தம் கேட்டது. டொக் என்று ஊன்றுகோல் கல்லில் விழும் சத்தம், பிறகு எதையோ இழுக்கும் சத்தம், பிறகு "ஆராம் சே அண்ணா, ஆராம் சே" என்று மெதுவாக ஏறச் சொல்லும் ரவிசங்கரின் குரல். மறுபடியும் டொக்.

வாசல் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாலகுமார் படியில் உட்கார்ந்து, முதுகைச் சபைப் பக்கம் காட்டி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, வலது காலால் உந்தி உந்திப் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படிக்கும் ஊன்றுகோலை எடுத்து மேல்படியில் வைத்துக்கொண்டார். ரவிசங்கர் இரண்டு படி கீழே, அவர் விழுந்தால் பிடிப்பதற்குக் கையை விரித்துக்கொண்டு வந்தார். வாலிபர்கள் நாலைந்து பேர் தூக்க ஓடினார்கள்.

"விடுங்க" என்றாள் வசந்தகுமாரி. "கம்பம் ஏறின மனுஷன். அவரே ஏறட்டும்."

பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பிக்கவில்லை. சபை முழுவதும் திரும்பி உட்கார்ந்து காத்திருந்தது. கடைசிப் படியில் ஏறிய பிறகு ரவிசங்கர் கைகொடுத்துத் தூக்கிவிட, ஊன்றுகோலில் சாய்ந்து வாசலில் நின்றார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ரவிசங்கர் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் நின்றார்.

"பாஸ்டர், ஒரு வார்த்தை" என்றார் பாலகுமார், இளைத்துக்கொண்டே. "அவ பொய் சொல்லல. நான்தான் அவகிட்டப் பொய் சொன்னேன். அவளைத் தனியா நிக்கவிட்டது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா இன்னொண்ணும் திருத்த வேண்டியிருக்கு."

வசந்தகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் என்னத்தை மறைத்து வைத்திருக்கிறார் இந்த மனுஷன்?

"இங்க பதினேழு படின்னு அவ சொல்லியிருக்கா. பதினேழு இல்ல, பதினெட்டு. ரோடு போட்டப்ப அடிப்படி பாதி புதைஞ்சு போச்சு, நாலு விரக்கடை உசரம்தான் தெரியுது. ரெண்டு கால் உள்ளவன் அதைப் படின்னே எண்ண மாட்டான். நான் எண்ணிட்டேன்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சொர்ணம்மாவாகத்தான் இருக்க வேண்டும், அழுதுகொண்டே சிரிக்கிற பழக்கம் அவளுக்குத்தான் உண்டு. வசந்தகுமாரி தன் இடத்தை விட்டு வந்து, பெஞ்சு ஓரத்தில் அவருக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்ததும் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"பதினெட்டும் ஏறிட்டீயளே" என்றாள்.