ஹெல்மெட்டோடு வாங்கிய கெண்டை

மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பாதங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் அக்ரகாரத்தை ஒட்டி ஓடும் கல்பாத்திப் புழையில் படியிறங்கி நின்றால் விரல் நீளக் கெண்டைகள் கூட்டமாக வந்து குதிகாலைக் கொத்தும். அவை என்னைத் தின்னப் பார்த்திருக்கின்றன. நான் அவற்றைத் தின்ன நினைத்ததில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசற்படியிலும் மீன் ஏறியதில்லை. வங்கி வேலையில் ஓய்வு பெற்று, சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கும் இந்த வயதில் நான் மீன் வாங்கக் கிளம்பியது என் மருமகளுக்காக.

அவள் மலைமேல் சூரியநெல்லிக்காரி, தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். கோயம்புத்தூரில் ஒரே ஆபீசில் வேலை பார்த்த என் பையனும் அவளும் தாங்களே முடிவு செய்து, பிறகு எங்களுக்குத் தெரிவித்தார்கள். வந்த நாளிலிருந்து அவள் மீன் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. அதை அவளுடைய நல்ல குணமாகத் தெரு முழுக்கச் சொல்லி நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம். பிறகு மசக்கை வந்தது. ரசம் தங்கவில்லை, மோர் தங்கவில்லை, என் மனைவி தேங்காய் அரைத்து வைக்கும் மொளகூட்டல் வாசற்படி தாண்டுவதற்குள் திரும்பி வந்தது. கன்னம் ஒட்டிவிட்டது. எதையாவது சாப்பிட வையுங்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப் ஏற்ற வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

ஒரு மத்தியானம், பையன் ஆபீசில் இருக்கும் நேரம், மருமகள் கொல்லையில் நின்று தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் எறங்க மாட்டேங்குதும்மா. நம்ம டேம் கெண்டையில புளி ஊத்தி வைப்பியே, அந்தக் கொழம்பு ஒரு வாய் கெடச்சாப் போதும். இங்க எப்படிக் கேக்க?" காயாத துண்டை நான் நாலாவது முறையாகக் கொடியில் போட்டு எடுத்தபடி ஒட்டுக்கேட்டேன்.

படித்தவன் அல்லவா, முதலில் போனில் ஆராய்ச்சி செய்தேன். கெண்டை என்பது ஒரு மீன் இல்லையாம், பெரிய கூட்டுக்குடும்பமாம். ஒரே பேரினமாக ஒரு கூரைக்கடியில் இருந்தவற்றை அறிஞர்கள் அண்மையில்தான் பாகம் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்திருக்கிறார்கள். நம் மேற்கு மலை ஆறுகளுக்கென்றே ஒரு தனிப் பேரினம். அதில் இருப்பவை இரண்டே இனங்கள். இரண்டும் மூக்கிலிருந்து சிவப்புக் கோடு போட்ட அழகிகள். ஒன்றுக்கு முதுகுத் துடுப்பில் கறுப்புப் பொட்டும் உண்டு. இவ்வளவும் தெரிந்துகொண்டேன். மீன் வாங்குவது எப்படி என்று மட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

ஊருக்குள் வாங்க முடியுமா? ஸ்கூட்டரைக் கிழக்கே விட்டு, பக்கத்துச் சித்தூர் தாண்டி, அணை மீன் விற்கும் ஒரு கடையில் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. காய்கறிக் கடை வழக்கம் கையில் ஊறியிருந்ததால் ஒரு கெண்டையை எடுத்து வாலை மெல்ல ஒடித்துப் பார்த்தேன்.

கடைக்கார அம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, அதென்ன வெண்டைக்காயிங்களா, நுனிய ஒடிச்சுப் பாக்கறீங்க? மொதல்ல தலையில இருக்கறதக் கழட்டுங்க. மீனு ஒண்ணும் உங்களைக் காட்டிக் குடுக்காதுங்க."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு முகம் என் பழைய வங்கி வாடிக்கையாளருடையதுபோல் இருந்தது. அவ்வளவுதான், மீனைப் போட்டுவிட்டு ஓட்டம் எடுத்தேன்.

திரும்பும் வழியில் ஒரு வண்ணமீன் கடை. கண்ணாடித் தொட்டி, கத்தி இல்லை, நாற்றம் இல்லை. உள்ளே நான் போனில் பார்த்த அதே சிவப்புக் கோட்டு அழகி! எனக்குள் இருந்த அறிஞர் விழித்துக்கொண்டார். நேற்றுவரை கெண்டையோடு ஒரே பேரினத்தில் இருந்ததுதானே? பாகம் பிரிந்தாலும் பங்காளி பங்காளிதான். குழம்பில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? பார்ப்பவர்களும் அழகுக்கு வாங்குகிறான் என்றுதான் நினைப்பார்கள். பண்ணையில் வளர்த்ததுதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். ஒரு பையில் நீரும் காற்றும் ஊதி, சில அழகிகளை அடைத்து வாங்கிவந்தேன்.

"கேட்டேளா, என்ன அழகா இருக்கு! தொட்டி எங்கே?" என்று மனைவி குழந்தைபோல் பூரித்துப்போய் அண்டாவைத் தேடி உள்ளே ஓடினாள். நான் மருமகளிடம் குனிந்து, "கொழம்புக்காக்கும்" என்று கிசுகிசுத்தேன்.

அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா! இது மிஸ் கேரளாங்கற மீனு மாமா! ஆத்துல பாக்கக் கெடைக்காம அழிஞ்சுட்டு வருது. இதப் போயி யாராச்சும் கொழம்பு வைப்பாங்களா?" பல நாளைக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் உற்சாகம் வந்து, ஹெல்மெட், வெண்டைக்காய் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன்.

ஹெல்மெட் கட்டத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் சாப்பிடறது அவ்வளவு வெக்கமா மாமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அண்டாவோடு வந்து நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அடுக்களைக்குள்ள வேண்டாம். கொல்லையில அடுப்பு வெச்சுக்கோங்கோ. நான் தொடமாட்டேன். ஆனா அந்தக் கொழந்தை பட்டினி கிடக்கப்படாது" என்றாள்.

மறுநாள் ஹெல்மெட்டை ஸ்கூட்டரிலேயே மாட்டிவிட்டு அதே கடைக்குப் போனேன். "அட, இன்னைக்கு மூஞ்சியோட வந்துட்டீங்களே!" என்று அந்த அம்மாள் நல்ல கெண்டையாகப் பொறுக்கி, செதில் உரசி, கழுவிக் கொடுத்தாள். கொல்லையில் போனை ஸ்பீக்கரில் வைத்து, சூரியநெல்லிச் சம்பந்தியம்மாள் சொல்லச் சொல்லச் சமைத்தேன். "கரண்டியப் போட்டுக் கிண்டாதீங்க அண்ணே, மீனு ஒடைஞ்சிரும். சட்டியோட தூக்கிச் சுத்தி விடுங்க." சுத்தினேன். பாதி குழம்பு வேட்டியில். எல்லாம் சரியாக முடிந்த நிம்மதியில், கை தன் பழக்கத்துக்கு ஒரு சிட்டிகை பெருங்காயத்தையும் தூவிவிட்டது.

அவள் தட்டோடு கிணற்றடியில் உட்கார்ந்தாள். நான் வாசலுக்குப் போய்விட்டேன். பார்த்துக்கொண்டு நிற்கத் தைரியம் இல்லை. அங்கே எதிர்வீட்டு மாமி மூக்கைத் தூக்கியபடி வந்தாள்.

"என்ன, வாசனை தெரு முழுக்க வரதே?"

"அது... மீன் தொட்டி கழுவினேன் மாமி. வாங்கின மீன் நாத்தம்."

"மீனா? நான் பெருங்காயத்தைன்னா சொன்னேன். உங்காத்துல ஏதாவது விசேஷமான்னு கேக்க வந்தேன். மீன் தொட்டிக்கா பெருங்காயம் போட்டேள்?"

மூஞ்சியோடு போய் மீன் வாங்கியவன் சொந்த வாசலில் பொய் சொல்லி மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். பின்னால் காலடி கேட்டது. மருமகள் நிலைப்படியில் நின்றாள். கையில் தட்டு.

"கெண்டைக் கொழம்பு மாமி" என்றாள். "எனக்காக மாமாவே வெச்சாங்க."

எதிர்வீட்டு மாமி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு மருமகளின் கையில் இருந்த தட்டைப் பார்த்தேன். அதில் முள் மட்டும்தான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல், கழுவக் கொல்லைக்குப் போனேன்.