சந்தையில் பிடிபட்ட தகப்பன்

சகாயநாதன் சவூதியின் தமாமிலிருந்து லீவில் ஊர் திரும்பிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. மகள் இசைவாணி ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது வெல்டர் வேலைக்குப் போனவன். இப்போது அவளுக்கு நாலு வயது. இடையில் ஒரு தடவைகூட லீவில் வரவில்லை. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் அவளோடு பேசுவான். அவளும் போனைப் பார்த்து அப்பா, அப்பா என்று கொஞ்சுவாள். நேரில் வந்து நின்ற ஆளிடம் மட்டும் ஒட்டவே இல்லை. விமான நிலையத்தில் அவன் தூக்கியதும் வீறிட்டு அழுதாள். ராத்திரி அவன் பக்கத்தில் படுத்தால் எழுந்துபோய் அம்மாவுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொள்வாள்.

அவன் மனைவி நித்யா மேரி வடலூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அவள் வேலைக்குப் போனதும் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடுவது வழக்கம். அன்றைக்குச் சந்தை நாள். நான் வீட்டில் இருக்கும்போது என் பிள்ளையை எதற்கு இன்னொரு வீட்டில் விட வேண்டும், நானே சந்தைக்குக் கூட்டிப்போகிறேன் என்றான் சகாயநாதன். தனியாகப் போனால் அழுவாள், ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக வேறெங்காவது போகலாம் என்று நித்யா சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ரோட்டோரத் திடலில் கூடுகிற வாரச்சந்தை அது. தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில் காய்கறி, கருவாடு, பிளாஸ்டிக் குடம், நைட்டி என்று நெரிசலாக இருந்தது. இசைவாணி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் ரோஸ் கலர் கவுனில், கழுத்தில் மெல்லிய தங்கச் செயினோடு வந்திருந்தாள். தாயைப் போல வெளுப்பு. சகாயநாதன் பாலைவன வெயிலில் கருகிப்போயிருந்தான். வெட்டாத தாடி, பழைய லுங்கி.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தான், வாங்கிக்கொண்டாள். கருவாட்டுக் கடை தாண்டியதும் ஒரு மாடு உரசிக்கொண்டு போக, மிட்டாய் கீழே விழுந்துவிட்டது. பிடித்துக்கொண்டது அழுகை. அவன் வாரித் தூக்கினான். அவள் அவன் மார்பில் கைகளை ஊன்றித் தள்ளி, “விடு, எங்கம்மாகிட்ட போவணும்” என்று கத்தினாள். அவன் சமாதானம் சொல்லச் சொல்ல சத்தம் ஏறிற்று.

வெங்காயம் விற்றுக்கொண்டிருந்த சந்திரலேகா தராசை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று பத்து நாளாக எல்லார் வாட்ஸப்பிலும் ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழந்தையின் செயினைப் பார்த்தாள், அவன் தாடியைப் பார்த்தாள்.

“இவரு யாரு பாப்பா?”

இசைவாணி விக்கிக்கொண்டே தெரியாது என்று தலையாட்டினாள். உங்க அப்பாவா என்று சந்திரலேகா திரும்பக் கேட்டாள்.

“எங்கப்பா போன்ல இருக்காரு.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. குழந்தையை அவன் கையிலிருந்து பிடுங்கியவள் அதே வேகத்தில் அவன் கன்னத்தில் அறைந்தாள். சுற்றி ஆள் சேர்ந்தது. சகாயநாதன் தான் யார், எந்தத் தெரு, வெளிநாட்டிலிருந்து எப்போது வந்தேன் என்றெல்லாம் சொன்னான். பதற்றத்தில் வார்த்தை குழறியது. குழறுவதைப் பார்த்து, ஆளே வெளியூர்க்காரன்தான் என்றார்கள். நித்யாவுக்கு நாலு தடவை போன் அடித்தான். வகுப்பு நேரத்தில் டீச்சர்கள் போனை ஆபீஸ் அறையில் வைத்துவிட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் கட்டுப்பாடு. மணி அடித்து அடித்து நின்றது.

செல்போன் கவர் விற்கிற செந்தமிழ்செல்வன் அவன் போனைப் பறித்துப் படங்களைத் தள்ளிப் பார்த்தான். இசைவாணியின் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் நித்யா அனுப்பியவை, ஒன்றிலும் சகாயநாதன் இல்லை. இருவரும் சேர்ந்திருந்தது விமான நிலையத்தில் எடுத்த ஒரே படம். அதில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“பாருங்க, இதுலயும் அழுவுது. ரொம்ப நாளா பின்னாலயே சுத்தினு இருந்திருக்கான்” என்று செந்தமிழ்செல்வன் படத்தைக் கூட்டத்துக்குக் காட்டினான்.

அதற்குப் பிறகு யார் அடித்தார்கள் என்று சகாயநாதனுக்குத் தெரியவில்லை. சட்டை கிழிந்தது. உதடு பிளந்து ரத்தம் தாடியில் வழிந்தது. கீழே விழுந்தவனின் முதுகில் செருப்புக் கால் இறங்கியது. யாரோ லுங்கியை உருவினார்கள். அவனுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சந்திரலேகாவின் இடுப்பிலிருந்த இசைவாணிதான். அழுகையை நிறுத்திவிட்டு அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கான்ஸ்டபிள் அருள்மொழி வந்துதான் கூட்டத்தை விலக்கினார். பள்ளி ஆபீஸுக்கே போன் போட்டு நித்யாவை வரவழைத்தார். அரை மணியில் அவள் வந்தாள். குழந்தை தாவிப் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இவர்தான் என் வீட்டுக்காரர் என்று அவள் சொன்ன பிறகும், பின்னாலிருந்து ஒருவர் ஆதார் இருக்கிறதா என்று கேட்டார். நித்யா அந்தப் பக்கம் திரும்பினாள். ஒருத்தரும் முன்னே வரவில்லை. ஐந்து நிமிடத்தில் அவரவர் கடைக்குப் போய்விட்டார்கள். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. தாடியை எடுத்துவிட்டு வந்திருக்கலாமே சார் என்றார் கான்ஸ்டபிள், ஆதரவாகத்தான்.

அன்று சாயங்காலமே சகாயநாதன் சந்திரலேகா, செந்தமிழ்செல்வன் இரண்டு பேர் பெயரையும் சொல்லிப் புகார் கொடுத்தான். அதற்குள் செந்தமிழ்செல்வன் எடுத்த வீடியோ, பிள்ளை பிடிப்பவன் சிக்கினான் என்ற தலைப்போடு லால்பேட்டை வரை போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள் சந்திரலேகா நாலைந்து உறவுக்காரர்களோடு வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள். தான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கேஸ் என்று அலைந்தால் தன் வியாபாரம் படுத்துவிடும் என்றாள்.

“ஒரு பொம்பளப் புள்ள அப்பிடி அழுதா கேக்கமாட்டாங்களா? நாளைக்கு உம் புள்ளையவே எவனாவது தூக்கினு போனா என்னாத்த சொல்லுவ?”

“கேக்கலாம். நீ கேக்கல. அடிச்ச” என்றான் சகாயநாதன்.

அவள் மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்துவிட்டுப் போனாள். சர்ச் பங்கில் இருந்தும் பெரியவர்கள் வந்து பேசினார்கள். நித்யாகூட விட்டுவிடலாம் என்றாள். நான் போகாதே என்றேனே என்று அவள் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அவள் சாப்பாடு வைக்கும் விதத்திலேயே அவனுக்கு அது கேட்டது. இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். அவன் புகாரை வாபஸ் வாங்கவில்லை.

இசைவாணி ஒரு மாதம் அவன் இருந்த அறைக்குள் வரவில்லை. உதட்டுத் தையல் பிரித்த பிறகும், அவன் நடந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அம்மாவின் போனில் அப்பாவைக் காட்டு என்று ஒருநாள் கேட்டாள். சகாயநாதன் கொல்லைப்புறம் போய் நின்று வீடியோ காலில் வந்தான். அவள் சிரித்துப் பேசினாள். பேசிக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். திரும்ப உள்ளே போய்விட்டாள்.

லீவு முடிந்த அன்று அவன் விமானம் ஏறவில்லை. கடலூரில் ஒரு இரும்புக் கேட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் கால் பங்குகூட வராது. இசைவாணி அவனை அப்பா என்று நேரில் முதல் தடவை கூப்பிட்டது சில மாதம் கழித்து, ஆடியில், அதுவும் அலமாரி மேலே இருந்த பொம்மையை எடுத்துத் தரச் சொல்லி.

கேஸ் இன்னும் நடக்கிறது. கடலூர் கோர்ட்டில் வாய்தா என்றால் சகாயநாதனும் சந்திரலேகாவும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். அந்த நேரத்துக்கு வேறு பஸ் கிடையாது. அவள் முன்வாசலில் ஏறுகிறாள், அவன் பின்வாசலில். இறங்கும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.