ரொட்டிக்கு நான் என்று பேர்

கரும்பலகையில் வெண்கட்டி கீச்சிட்டால் இந்த வயதிலும் நான் காதைப் பொத்திக்கொள்வேன். நேற்றும் பொத்தினேன். மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு கையெழுத்து வைக்கப் போனவன், வகுப்பு யன்னலுக்கு வெளியே நின்று வேர்த்துக் கொட்டினேன். உள்ளே யாரோ ஓர் இளம் டீச்சர் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தார், பாவம். என்னைக் கண்டு அவர்தான் பயந்திருப்பார்.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் எனக்குக் கருவாட்டு வாடையும் வரும். சிரிக்காதீர்கள். காத்தான்குடியில் நாங்கள் பார்ஸி என்கிற பாரசீகம் படித்தது, இல்லை, பார்ஸி படிப்பிக்கப் படித்தது, ஒரு கருவாட்டு முதலாளியின் கிட்டங்கிக்குப் பக்கத்து அறையில், ஒரு கரும்பலகைக்கு முன்னால். உலகச் சண்டைக் காலம் அது. முதலாளி ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்; ஊரில் எவரும் படிப்பிக்காத ஒரு பாஷை அதில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். கடலுக்கு அப்பால் வடக்கே எங்கிருந்தோ பார்ஸி வாத்தியாரான ஒரு முன்ஷியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, மதறஸாவில் கொஞ்சம் பார்ஸி ஓதியிருந்த என்னையும் என் கூட்டாளி காசிமையும் அவரிடம் ஒப்படைத்தார். ஒருவனுக்குத்தான் வாத்தியார் வேலை. மற்றவன் வாகரைக் கடற்கரையில் முதலாளியின் மீன்வாடிக்கு, கருவாடு காயவைக்கப் போகவேண்டும்.

வாகரை என்றால் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். என் காக்கா, உம்மாவின் மூத்த மகன், அந்த வாடிக்குத்தான் போனார். குளிர்காய்ச்சலில் மவுத்தாகி அங்கேயே அடக்கமானார். உம்மா ஒவ்வொரு காலையும் என் பிடரியைத் தடவி, "மனே, அங்க மட்டும் போயிராத" என்பா. அந்தக் கையை அப்படியே பிடரியில் சுமந்துகொண்டு வகுப்புக்குப் போவேன்.

முன்ஷிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அந்நிய பாஷை படிப்பிக்கிறவன் தன் பாஷையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வரவேண்டும் என்பது அவர் கட்சி. முதலாளி அதைச் சட்டமாக்கிவிட்டார்: அறைக்குள் தமிழ் பேசினவனுக்கு வேலையில்லை. காசிமுக்கு இது பெரிய தண்டனை. தமிழில் பகிடி விட்டு யாரையாவது சிரிக்கவைக்காமல் அவனால் மூச்சு விட முடியாது. இடைவேளையில் கிணற்றடிக்கு ஓடி, வாளியோடு தமிழ் கதைத்துவிட்டு வருவான்.

சோதனை நாள் வந்தது; ஆளுக்கொரு பாடம் நடத்திக் காட்டவேண்டும். மாணவர்களாகக் கடை ஆட்கள் ஆறு பேர் பாயில் இருந்தார்கள். தமிழ்ச் சொல் விழுந்தால் எண்ணுவதற்குக் கணக்கப்பிள்ளை, பாடத்தைப் பார்க்க முன்ஷி, தீர்ப்புச் சொல்ல முதலாளி. முதல் ஆள் நான். ரொட்டியைத் தூக்கிக் காட்டி, "ஈன் நான் அஸ்த்" என்றேன். இது ரொட்டி.

பாயிலிருந்து ஒரு குரல்: "ரொட்டியக் காட்டி நான் எண்டுறாரு. பசி முத்திட்டுப் போல."

ஆறு பேரும் குலுங்கினார்கள். நான் பயத்தில் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். பாடம் முடிந்து முன்ஷி தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யக் கிணற்றடிக்குப் போனதும் கணக்கப்பிள்ளை எழுந்தார்.

"பதினொரு தரம் நான் எண்டு தமிழ் கதைச்சிட்டான், முதலாளி."

எப்படி விளக்குவது? தமிழில் வாய் திறக்க முடியாது. பார்ஸி அங்கே காசிமைத் தவிர யாருக்கும் விளங்காது. ரொட்டியை அவர் மூக்கருகே நீட்டி, "நான்! நான்!" என்று கத்தினேன்.

"பதிமூண்டு," என்றார் கணக்கப்பிள்ளை.

அப்போதுதான் காசிம் பாய்ந்தான். "அல்லாவே, அது ரொட்டி முதலாளி! பார்ஸியில ரொட்டிக்கு நான் எண்டுதான் பேரு!"

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் கணக்கப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "அப்ப காசிம் கதைச்சது என்ன பாஷை?"

"சட்டம் சட்டந்தான்," என்றார் முதலாளி. வேலை எனக்கு, வாகரை காசிமுக்கு.

முழங்கையில் நீர் சொட்ட முன்ஷி திரும்பி வந்தார். எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று பார்ஸியில் என்னைக் கேட்டார். சொல்லுவதற்கு என்னிடம் எல்லாச் சொல்லும் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் அந்தத் தீர்ப்பை விட்டிருக்கமாட்டார். காசிமும் தன் பாடத்தை நடத்தியிருப்பான். என்னைவிட நன்றாகவே நடத்தியிருப்பான். பிடரியில் உம்மாவின் கை ஊர்ந்தது.

"ஹீச்," என்றேன். ஒன்றுமில்லை.

இரண்டு மாரிகாலம் படிப்பித்தேன். பிறகு பிள்ளைகள் இங்கிலீசுக்குப் போனார்கள், முன்ஷி கப்பலேறினார், அந்த அறையில் இப்போது சீமெந்து மூட்டைகள். வாகரையிலிருந்து கருவாடு கொண்டுவருகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் அடுத்த ஒழுங்கையால் திரும்பிவிடுவேன். காசிம் எப்படி இருக்கிறான் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்.

அவன் போன காலையில் உப்பு லொறி கிட்டங்கி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மூட்டைகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தான். நான் கீழே நின்றேன். அவன் பெட்டியை மட்டும் மேலே நீட்டினேன். லொறி அசைந்தபோது அவன் குனிந்து சொன்னான்:

"இப்பயாவது தமிழில கதைடா மச்சான். ஆரும் எண்ண மாட்டாங்க."