நைனா கல்யாணப் பத்திரிகையில் ஒட்டிய துண்டுக்காகிதம்

போன வாரம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். சூடாக வெளியே வந்த தாளை முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கென்ன தெரியும்? அந்த வாசனைக்காகவே ஒரு காலத்தில் ஞாயிறு தவறாமல் ஒரு கடையில் போய் உட்கார்ந்தவள் நான்.

வாசனைக்காக என்பது கொஞ்சம் பொய். சுகுணா அக்கா கொடுத்த புளியோதரைக்காக என்பதே சரி. அப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். ஞாயிறு மதியம் ஹாஸ்டல் சோற்றை வாயில் வைக்க முடியாது. அக்காவோ தன் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வம்சம் தோண்டும் சங்கம் ஒன்றை நடத்திவந்தாள். ஏழெட்டுப் பேர்தான். அவரவர் வீட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து தரையில் பரப்புவோம். யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார், எந்த ஊர் என்பதெல்லாம் அந்தப் பெயர் வரிசையிலேயே இருக்கும்.

சங்கத்தில் பெரிய தலை முனிரத்தினம் சார், ரிடையரான தபால்காரர். தான் பாளையக்காரர் வம்சம் என்று சாதிப்பார். ஆதாரம், பரணில் கிடந்த ஒரு வாள். ஒருநாள் அதைக் கொண்டுவந்து உருவிக் காட்டினார். தகரம். கைப்பிடியில் ஏதோ நாடகக் கம்பெனியின் முத்திரை. "ஆகண்டி, ஆகண்டி", பொறுங்கள் பொறுங்கள் என்று தெலுங்குக்குத் தாவினார். பதறினால் அவருக்குத் தமிழ் வராது. நாங்கள் சிரித்த சிரிப்பில் புளியோதரை புரையேறியது.

அடுத்த வாரம் என் முறை. சத்தியவேட்டில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து நைனாவின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் போயிருந்தேன். உறவினர் பட்டியலில், தலைமையாசிரியர் மாமாவும் கஸ்தூரி அத்தையும் இருந்த வரிக்குக் கீழே ஒரு துண்டுக்காகிதம் ஒட்டியிருந்தது. சுகுணா அக்கா அந்த மெல்லிய தாளை மெஷின் கண்ணாடிமேல் வைத்து, மூடாமலே பட்டனை அழுத்தினாள். வெளிச்சம் ஊடுருவிப் போனபோது அடியிலிருந்த எழுத்து தெரிந்தது. "ஏகாம்பரம் – வள்ளியம்மாள், ராமகுப்பம்."

அப்படி ஓர் அத்தை இருப்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. சங்கம் குஷியாகிவிட்டது. ஓடிப்போன கல்யாணம் என்றார் ஒருவர். கொலை என்றார் முனிரத்தினம் சார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். வீட்டுக்குப் போன் போட்டால் நைனா, "அத்த எதுக்கு இப்போ தோண்டிக்கினு கீறே?" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு நானும் சுகுணா அக்காவும் சித்தூர், குப்பம் என்று பஸ் மாறி மாறி ராமகுப்பம் போய்ச் சேர்ந்தோம். பெயரைச் சொல்லி விசாரித்துப் போனால், பட்டுப்பூச்சிக் கொட்டகையில் தழை போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். நைனாவின் மூக்கு. சந்தேகமே இல்லை.

கொலையும் இல்லை, ஓட்டமும் இல்லை. நைனாவுக்கு மூத்தவள் இவள், கஸ்தூரி அத்தை இளையவள். முறைப்படி இவள் வீட்டுக்காரர் பெயர்தான் மேலே வரவேண்டும். நைனா, கஸ்தூரி அத்தை வீட்டுக்காரர் வாத்தியார் என்று அவரை மேலே போட்டுவிட்டார்.

"பூச்சி வளக்கிறவருன்னா கீழயாடா, அப்டி போட்றதுக்கு என் பேரே வாணாம்னேன். கோவத்துல எல்லாத்துலயும் காகிதம் ஒட்டிட்டான். கல்யாணத்தன்னிக்குப் பொடவ கட்டிக்கினு ஒக்காந்திருந்தேம்மே. வந்து கூப்புடுவான்னு."

அவள் வீட்டுக்காரர் இறந்து நான்கு வருடமாகியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இதைத்தான் நாங்கள் கொலை என்று புளியோதரையோடு மென்றிருந்தோம்.

"உங்க நைனா அனுப்ச்சானா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்த" என்றேன்.

"பொய் சொல்றப்ப அப்டியே அவன மாதிரியே முழிக்கிறே" என்றாள். பிறகு, "போன போடு" என்றாள்.

போட்டேன். யார் பேசப்போகிறார் என்று சொல்லி அவள் கையில் கொடுத்தேன். நைனா வைத்துவிடுவார் என்று பயந்தேன். அப்புறம் அவர் குரல் கேட்டது: "இன்னாக்கா, துன்னியா?"

"இத்த கேக்க இருவத்தெட்டு வருசமாடா?" என்று அத்தை திட்ட ஆரம்பித்தாள். அரைமணி நேரம் திட்டினாள். என் பேலன்ஸ் தீர்ந்தபிறகு சுகுணா அக்காவின் போனை வாங்கித் தொடர்ந்தாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு சண்டை, போனிலேயே. நைனா போனபோது கருமாதிப் பத்திரிகை அடிக்க நான் பிரஸ்ஸுக்குக் கிளம்பினேன். அத்தையும் கூடவே வந்தாள். முதல் வரியில் "தெய்வத்திரு ஏகாம்பரம் – வள்ளியம்மாள்" என்று நானே எழுதிக் கொடுத்தேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். தம்பிக்காகவா, வீட்டுக்காரருக்காகவா, தெரியவில்லை.

இரண்டு வருடத்தில் அவளும் போய்விட்டாள். சுகுணா அக்கா கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்குக் குடிபோனாள். சங்கமும் கலைந்தது.

சென்ற மாதம் என் தங்கை மகன் கல்யாணம். பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபத்துக்கு வழி, அவ்வளவுதான். பெரியம்மாவான என் பெயர்கூட இல்லை. கல்யாணத்தன்று நாலைந்து முறை வாசலை எட்டிப் பார்த்தேன், பேரைப் போடவில்லை என்று யாராவது முறைத்துக்கொண்டு வரமாட்டார்களா என்று. எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள்.