இரண்டு தாள்களும் ஒரு டம்ளரும்

கணவரின் ஊரான இந்தக் கோரமண்டலில் யாரும் என்னைத் தலை எண்ணிப் பார்ப்பதில்லை. திருமணமாகி ஒன்றரை வருடமாகியும் இந்த ஆச்சரியம் எனக்குத் தீரவில்லை. அகதி முகாமில் கணக்கெடுப்பு நாளில் ஆளும் அட்டையும் சேர்ந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அந்தப் பயத்தில் ஒரு துண்டுத் தாளைக்கூட எறியாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது எங்கள் பழக்கம். மளிகைச் சீட்டைக்கூட விடமாட்டாள் என்று மாமியார் கேலி செய்வார். முகாமில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு அது கேலியாகப் படாது.

ஏழாம் மாதப் பரிசோதனையில் எனக்குச் சிபிலிஸ் என்றார்கள். உடலுறவில் தொற்றுவது, ஊசி போடாவிட்டால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும், கணவரும் போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்குத் திரும்ப வரும் என்றார் டாக்டர். எனக்கு அன்றே முதல் ஊசி போட்டார்கள். நர்ஸ் என் சொந்த ஊரைக் கேட்டுவிட்டு, "கேம்பா?" என்றாள். அதோடு அவளுக்கு விசாரணை முடிந்துவிட்டது.

வீட்டிலும் அதே தீர்ப்புதான். கணவருக்கு பெங்களூருவில் வேலை. வாரத்தில் மூன்று நாள் அங்கேயே அறையில் தங்குவார். என் முகத்தைப் பார்க்காமல், "கேம்புலயே வந்திருக்கும்" என்றார். ஊசிக்கு வரச் சொன்னால் லீவு இல்லை என்றார். மாமியார் என் டம்ளரைத் தனியாக ஜன்னலில் வைத்தார். டம்ளரில் ஒட்டும் நோயில்லை இது. முகாம் வரிசையில்கூட எனக்கு இவ்வளவு கூசியதில்லை.

இரண்டு நாள் அழுத பிறகுதான் பையின் நினைவு வந்தது. இதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் அதில் இருந்தது. நோய் இல்லை என்று எழுதியிருந்தது. இரண்டு தாள்களையும் மாமியார் முன் விரித்தேன்.

"மாமி, மூண்டாம் மாசம் எனக்கு ஒண்டும் இல்லை. முகாமை விட்டு வந்து ஒரு வருசத்துக்குப் பிறகு எடுத்தது இது."

தேதிகளை விரல் வைத்துப் பார்த்தார். மறுநாள் காலை கணவர் ரயிலுக்குக் கிளம்பியபோது அவருடைய பயணப் பையை மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"ட்ரெயினு போனா போவுது. நீ இன்னா பண்ணன்னு நான் கேக்கல. ஆஸ்பத்திரிக்கு வா, நானும் வரேன்."

அன்று மாலை என் டம்ளர் மற்றவற்றோடு கவிழ்ந்திருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர். எது ஜன்னலில் இருந்தது என்று அவர்கள் மறந்துவிடுவார்கள், எனக்குத் தெரியும். அடுத்த ஊசிக்குக் கணவர் வருவாரா என்பதும் சந்தேகம்தான். அவருக்குப் போட்ட ஊசியின் சீட்டைக் கேட்டு வாங்கி, முகாம் அட்டைக்கும் கல்யாணப் பதிவுத் தாளுக்கும் நடுவே செருகினேன். இந்த வீட்டில்தான் பிள்ளை பெறப்போகிறேன். பையை மட்டும் கட்டியே வைத்திருக்கிறேன்.